சினைப் பருவத்துக் கெண்டையும் வேட்டையின் நியாயமும்

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டு, வசிஷ்ட நதியும் சுவேத நதியும் கொணர்ந்த புதுவெள்ளம் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் வெள்ளாற்றில் புரண்டு வருகையில், கோடையெல்லாம் மடுக்களில் ஒதுங்கிக் கிடந்த கெண்டைகள் சினை தாங்கிய வயிற்றோடு அந்தப் பிரவாகத்தை எதிர்த்து ஏறுகின்றன. அவற்றை அணைக்கட்டின் அடியிலும் வாய்க்கால் மடையிலும் ஊத்தாக் கூடையாலும் தூரிப் பொறியாலும் வலையாலும் மறித்துப் பிடிப்பது நம் ஆற்றோர ஊர்களின் பழைய வழக்கம். அமெரிக்காவிலோ, வசந்தத்தில் கரையோரப் புல்லில் முட்டையிட வரும் கெண்டையைக் கயிறு பிணைத்த அம்பால் எய்வது ஒரு விளையாட்டாகவே வளர்ந்திருக்கிறது.

கருவியை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்வதானால் வில்லுக்கே முதலிடம் தருவேன். நீரில் ஒளி வளைவதால் மீன் தன் உண்மையான இடத்துக்குச் சற்று மேலே தோன்றுகிறது என்பதறிந்து, அதற்குக் கீழே குறிவைக்கும் நிதானம் அந்தமானின் ஜாரவா, ஓங்கே மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கைவந்த வித்தை. அவர்களுடைய ஓர் அம்பு ஒரு மீனோடு நின்றுவிடுகிறது. நம் தூரியோ குஞ்சென்றும் தாயென்றும் பாராமல் வந்ததையெல்லாம் விழுங்குகிறது. ஆயினும், வலையில் விழுந்த சினைமீனை மனமிரங்கித் திரும்ப விடலாம். அம்பு பாய்ந்ததை விட வழியில்லை.

அமெரிக்கர் சொல்லும் நியாயம் வேறு. அங்கே கெண்டை அந்நிய ஜீவன். 1877-இல் அரசாங்கமே ஜெர்மனியிலிருந்து 345 மீன்களை வரவழைத்துப் பரப்பியது. இன்று அந்த மீன் அடிமண்ணைக் கிளறி நீரைக் கலக்கி நீர்ப்பூண்டுகளை அழிக்கிறது. ஆகவே அதனைச் சினையோடு கொல்வதே ஏரிக்குச் செய்யும் உபகாரம் என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. ஆனால், அதே அம்புக்கு இரையாகும் பஃபலோ மீன் அந்நாட்டின் சொந்த இனம். அவற்றுள் ஒன்று 112 வயது வரை வாழ்ந்திருந்ததை 2019-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நூறாண்டு வாழத்தக்க ஓர் உயிரைக் களைமீன் கணக்கில் சேர்த்து எய்ததை எண்ணும்போது மனம் ஆறவில்லை.

வெள்ளாற்றில் அந்த அந்நிய நியாயம் செல்லாது. இங்கே ஏறுவனவற்றுள் பெரும்பாலானவை நம் நாட்டுக் கெண்டைகளே. ஒரு மீன் லட்சக்கணக்கில் முட்டையிடுகிறதே, நாலு போனால் என்ன என்பாரும் உண்டு. அத்தனை முட்டையும் பிழைக்காது என்பதனால்தான் இயற்கை அவ்வளவு வழங்கியது. அதிலும், சில வாரங்களே நீரோடும் ஆற்றில், தொழுதூர், பெலாந்துறை, சேத்தியாத்தோப்பு என்று அணைக்கட்டுகள் வழிமறிக்க, தாண்ட மாட்டாமல் அடியில் திரளும் மீனை ஒருசேர வாரிவிடுவது மறு வருஷத்து மீனையும் சேர்த்து வாருவதேயாகும். இந்த ஆறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் விசைப்படகுகள், மீன் இனம் பெருகும் பருவமென்று, ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் கரையேறி நிற்கின்றன. கேரளம் தன் 2010-ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டத்தைக் கொண்டு இத்தகைய ஏற்றுமீன் வேட்டையைத் தடுக்க முனைகிறது.

கூலி வேலை முடிந்து குழம்புக்கு நாலு மீன் ஊத்தாவில் எடுத்துப்போகிறவரை நான் குறைகூறவில்லை. அணைக்கட்டுக்குக் கீழே ஆற்றின் அகலத்துக்கும் வலை கட்டுவதையே ஆக்ஷேபிக்கிறேன். முதல் வெள்ளம் வந்த ஒரு வாரம் அவ்விடத்தில் வலையும் தூரியும் இறங்கக்கூடாதென்று கரையோரக் கிராமசபைகள் இவ்வருஷமே தீர்மானித்துக்கொள்ளலாம். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.