காத்திருக்கும் தகப்பன்மார்

திருகோணமலைக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. தாய்க்குக் கருமம் செய்ய இராவணன் உண்டாக்கிய ஊற்றுகள் என்பது ஐதீகம். அந்தியேட்டிக் கிரியைக்கு நம்மவர் அங்கே போவது அதனால்தான். உடலே கிடைக்காதவருக்கு எந்த நாளில் அந்தியேட்டி? துயரப் படம் எதைப் பார்க்க உட்கார்ந்தாலும் இந்தக் கேள்வியும் கூடவே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

தியான சினிமாவுக்கு 1972இல் இலக்கணம்போல ஒரு நூல் எழுதியவர் போல் ஷ்ரேடர். இயக்குநர்கள் ஓசு, பிரெஸ்ஸோன், டிரையர் மூவரும் அதில் முன்னோடிகள். நடிப்பை அடக்கி, அன்றாடத்தையே நீளக் காட்டுவது அவர்கள் வழி. ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யில் (1953) மனைவியை இழந்த கிழவர் விடியலின் அழகையும் வரப்போகும் வெக்கையையும் பற்றியே பேசுகிறார். அழுகை பார்க்கிறவருக்கு விடப்படுகிறது. தார்க்கோவ்ஸ்கியின் மழையும் நீரும் இன்னொரு வழி. மெதுவாக நகர்ந்தாலே தியானம் என்று நம்பும் படங்களும் விழாக்களில் உண்டு. அவற்றில் எனக்குக் கொட்டாவிதான் வருகிறது.

நமக்குக் கிட்டியவை இரண்டு. ஷாஜி என். கருணின் 'பிறவி' மலையாளப் படம். 1989இல் கான் விழாவில் சிறப்புக் குறிப்புப் பெற்றது. பொலிசார் கொண்டுபோன மகனுக்காக முதியவர் சாக்கியார் நாள்தோறும் தோணியேறி, பஸ் வரும் இடத்தில் நிற்கிறார். பஸ் வரும், மகன் வரமாட்டான். 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்குப் பாதைப் படகில் கடந்தவர்களுக்கு அந்தக் கரைக் காத்திருப்பு புதிதல்ல.

மற்றது பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' (1997). பார்வையற்ற வன்னிஹாமியாக ஜோ அபேவிக்ரம. சிப்பாய் மகனின் முத்திரையிட்ட பெட்டி வந்து புதைத்தாயிற்று. கிழவர் மட்டும் மரணத்தை ஏற்கவில்லை. வீட்டில் கடன் இருந்தும் நட்டஈட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கவில்லை. 2000இல் அரசு படத்தைத் தடுத்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம்தான் திரைக்கு விட்டது.

ஆறுதல் என்றால் சூடு தணிதல். தணியும் முன்பே தணிந்ததாகக் காட்டாத படமே நல்ல படம் என்பது என் அளவுகோல். 'பிறவி' கிழவரை அவருடைய கற்பனைக்குள்ளேயே விட்டுவிடுகிறது. வன்னிஹாமியோ புதைகுழியைத் தோண்ட மண்வெட்டியை எடுக்கிறார். சிங்களச் சிப்பாயின் தகப்பன்தான். ஆனாலும் 2017 முதல் காணாமல் ஆக்கப்பட்ட மகன்மாரின் படங்களை ஏந்தித் திருகோணமலைத் தெருவில் நின்ற தாய்மார் அவரைக் கண்டவுடனே அறிவார்கள். படத்தில், தோண்டியெடுத்த பெட்டியைத் திறக்கிறார்கள். உள்ளே வாழைக்குற்றியும் கல்லும்.