அரங்கில் உறையும் பேய்கள்

பழைய நாடக அரங்குகளில் பேய் உலாவுவதாகக் கதை வழங்குவது உலகின் பல நாடுகளிலும் காணப்படும் மரபாகும். இலண்டனிலுள்ள ட்றூரி லேன் அரங்கில் முக்கோணத் தொப்பி அணிந்த சாம்பல்நிற மனிதன் ஒருவன் பகற்பொழுதில் மேல்மாடத்தில் தோன்றுவான் என்பர். அவன் தோன்றினால் நாடகம் நீண்ட நாள் ஓடும் என்பது அங்குள்ள நடிகரின் நம்பிக்கை. பாரிஸ் இசைநாடக மாளிகையில் 1896ஆம் ஆண்டு தொங்குவிளக்கின் எதிர்ப்பாரம் அறுந்து வீழ்ந்து ஓர் உயிரைக் குடித்தது. அம்மாளிகையின் அடியில் நீர்த்தேக்கம் ஒன்றும் உண்டு. இவ்விரண்டையும் கொண்டே கஸ்தோன் லெரு என்னும் எழுத்தாளர் அரங்கின் அடியில் மறைந்து வாழும் முகமூடி மனிதனின் கதையைப் புனைந்தார்.

இக்கதைகள் சுவையானவை என்பதில் ஐயமில்லை. ஆயின் அவற்றுக்குப் பொதுவான குறை ஒன்றுண்டு. பேயைத் தேடி அரங்குக்குச் செல்பவர் அங்கு நடந்த நாடகத்தைத் தேடுவதில்லை. எவர் இறந்தார், எங்கே இறந்தார் என்று வினவுவாரே அன்றி, எது ஆடப்பட்டது, எவரைப் பற்றி ஆடப்பட்டது என்று வினவுவதில்லை. அரங்கு இவ்வாறு கலைக்கூடம் என்னும் நிலையிலிருந்து இறங்கி, வெறும் வேடிக்கைப் பொருளாகிவிடுகிறது.

நமது மரபில் அரங்குக்கும் பேய்க்கும் உள்ள உறவு வேறு வகையினது. நாட்டிய சாத்திரத்தின் முதல் அத்தியாயம் கூறும் கதை இங்கு நோக்கற்பாலது. முதன்முதலில் ஆடப்பெற்ற நாடகம் தேவர் அசுரரை வென்றதைக் காட்டியது. தம் தோல்வியே காட்சியாவது கண்டு வெகுண்ட அசுரர், விக்கினங்களோடு சேர்ந்து நடிகரின் பேச்சையும் அசைவையும் நினைவையும் முடக்கினர். இந்திரன் தன் கோலால் அவர்களைத் தாக்கினான். அதன் பின்னரே பிரமன் ஆணைப்படி விசுவகன்மா நாடக சாலை ஒன்றை அமைக்க, அதன் ஒவ்வொரு பகுதிக்கும் காவல் தெய்வம் நியமிக்கப்பட்டது. கதை இத்துடன் முடியவில்லை. பிரமன் அசுரரிடம் முறையீட்டின் காரணத்தைக் கேட்டு, நாடகம் ஒரு சாராருக்கு மட்டும் உரியதன்று, மூவுலகின் இயல்பையும் காட்டுவது என்று சமாதானம் கூறுகிறான். அரங்கில் புகுந்த இவ்வசுரர் இறந்தோரின் ஆவிகள் அல்லர். தம்மைப் பற்றிச் சொல்லப்பட்டதை மறுப்பவர்கள்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் இத்தொடர்பை மறக்கவில்லை. இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் அளந்து, ஏழு கோல் அகலமும் எட்டு கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாக அமைத்த அரங்கின் மேனிலையில் பூதங்களின் உருவங்கள் எழுதி வைக்கப்படுகின்றன. தூண்களின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்கு ஏற்றப்படுகிறது. ஒளியமைப்பின் நுட்பமும் பூதத்துக்குரிய வழிபாடும் ஒரே இடத்தில் சொல்லப்படுவது கருத்தூன்றத்தக்கது. இங்கே பூதம் ஒளிந்து திரிவதன்று. இடமளிக்கப்பெற்று மேலிருந்து காண்பது.

இந்நோக்கோடு கண்டியை அடுத்த பேராதனைத் திறந்தவெளி அரங்கை அணுகினால் புதிய பொருள் புலப்படும். சிங்கள மாணவர் இதனை ‘வள’, அதாவது பள்ளம் என்பர். மரநிழலில், சரிவில் படிப்படியாக இறங்கும் இருக்கைகளும் கீழே மேடையுமாக அமைந்த இவ்வரங்குக்குக் கூரையில்லை. பேய் ஒளிந்துகொள்ள மாடமோ நிலவறையோ இல்லை. எனினும் நாட்டிய சாத்திரம் கூறும் முறையீடு இதன் சூழலிலும் எழுந்தது. இவ்வரங்கு பெயர் தாங்கும் எதிரிவீர சரச்சந்திர 1956இல் மனமே நாடகத்தைப் பேராதனை மாணவரைக் கொண்டு உருவாக்கிக் கொழும்பில் மேடையேற்றினார். அதற்கு அடிப்படையான நாடகம் என்னும் சிங்கள வடிவம் தமிழ்க் கூத்தின் வழிவந்தது. மூலக் கதையில் கணவனுக்கு இரண்டகம் செய்தவளாகப் பழிக்கப்பட்ட இளவரசியைச் சரச்சந்திர வாளோடு தயங்கி நிற்பவளாகக் காட்டித் தீர்ப்பைப் பார்வையாளரிடம் விட்டார். 1961இல் இத்திறந்தவெளி அரங்கில் ஆடப்பெற்ற சிங்கபாகுவிலும், மகனால் கொல்லப்படும் சிங்கம் வெறும் கொடுவிலங்கன்று. மகன்மேல் அன்பு கொண்ட தந்தை.

அதே வளாகத்தில் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை மீட்டெடுத்த முயற்சி இதன் மறுபக்கமாகும். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன் ஆகியன தமிழ் மாணவரால் ஆடப்பெற்றன. வடமோடி ஆட்டத்தில் அமைந்த இராவணேசனில் சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். இராமகாதை மரபு அரக்கன் என ஒதுக்கிய ஒருவன், இங்கு வீரமும் துயரமும் உடைய மனிதனாக எழுந்து நின்றான். முதல் நாடகத்தில் தடுக்கப்பட்ட அசுரனுக்கு இம்மேடை பேச இடமளித்தது எனலாம்.

பிரமனின் பதில் வெறும் ஆறுதலே, அசுரர் ஒவ்வோர் ஆட்டத்திலும் தோற்கத்தானே செய்கின்றனர் என ஒருவர் மறுக்கலாம். உண்மைதான். இராவணேசனும் இராவணனின் வீழ்ச்சியோடுதான் முடிகிறது. சிங்கமும் இறக்கத்தான் செய்கிறது. முடிவை இந்நாடகங்கள் மாற்றவில்லை. ஆனால் தோற்றவன் தன் தோல்வியைத் தன் வாயால் சொல்லும் உரிமையை வழங்கின. அவ்வுரிமை மறுக்கப்படும்போதே அவன் பேயாக மாறுகிறான்.

சிங்களம் மட்டும் ஆட்சிமொழியென 1956இல் சட்டமான நாட்டில், தமிழ்க் கூத்தின் வழிவந்த வடிவத்தில் மனமே அவ்வாண்டே பிறந்தது என்பதும், சில ஆண்டுகளில் அதே வளாகத்தில் தமிழ்க் கூத்து புத்துயிர் பெற்றது என்பதும் தற்செயலென்று விட்டுவிடத்தக்கன அல்ல. இருமொழிக் கலைஞரும் அருகருகே உழைத்த அக்காலத்தின் பதிவுகள் போதிய அளவில் பேணப்படாவிடின், அங்கு ஆடியோரும் பெயரற்ற நிழல்களாவர். இவ்வரங்குக்கு வருபவர் பேயைத் தேட வேண்டியதில்லை. எவருடைய குரல் இன்னும் மேடையேறவில்லை என்று கேட்டாற் போதும்.