பாசுரத்தில் ஏற்றம், வீட்டில் வெளியேற்றம்!

ஆடிப்பூரத்தன்று தேர் காணச் சுந்தரபாண்டியத்து மக்களும் சுற்றுவட்டாரத்தாரும் திருவில்லிபுத்தூருக்குத் திரண்டு செல்வர். தேரில் ஏறி வருபவள் கடவுளின் துணைவி மட்டுமல்லள். கவிதை யாத்த கன்னி! தன் காதலைத் தன் வாயாலேயே உரைத்தவள்! மார்கழியில் அவளுடைய திருப்பாவை முப்பதும் முழங்கும். மணப்பந்தலில் வாரணமாயிரம் ஒலிக்கும். ஆனால் நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் எஞ்சியவை? பண்டிதர் அறிவர், பாமரர் செவிக்கு அவை அவ்வளவாக எட்டுவதில்லை. ஏன்? அங்கே உடல் பேசுகிறது, வேட்கை விம்முகிறது. அதனால் விளக்கவுரை ஓடிவந்து போர்வை போர்த்துகிறது!

அந்தப் போர்வையைத்தான் நாம் இங்கே சற்று விலக்கிப் பார்க்க விரும்புகிறோம்.

ஆண்டாளை வளர்த்த பெரியாழ்வார் செய்த புதுமையும் சிறிதன்று. ஆடவரான அவர் அசோதையாக மாறிக் கண்ணனைத் தாலாட்டினார்; நீராட அழைத்தார்; காது குத்த வா என்று கெஞ்சினார். குருகூர்ச் சடகோபரோ காதலியே ஆனார். வைணவ உலகம் அவரைப் பராங்குச நாயகி என்றது. வாளேந்திய திருமங்கை மன்னர் பரகால நாயகி ஆனார். திருவரங்கத்தில் வைகுந்த ஏகாதசிக்கு முந்திய நாள் அரங்கனே மோகினிக் கோலம் கொள்கிறான். ஆண் பெண்ணாவது இங்கே அவமானமன்று, அலங்காரம்! பழியன்று, பக்தி!

உயிர்கள் எல்லாம் பெண், இறைவன் ஒருவனே ஆண் என்று இதற்குக் காரணம் கூறுவர் வைணவ அறிஞர். அழகிய கருத்துத்தான். ஆயினும், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கும் கருத்து. ஆணுக்குப் பெண்மொழி பேச உரிமை தந்தது. உடனே, இது உயிரின் பேச்சு, உடலுக்கு இதில் பங்கில்லை என்று கதவடைத்தது. பெண்ணாகவே பிறந்து பெண்ணாகவே பேசிய ஆண்டாளின் வேட்கையையும் சேர்த்தே மூடியது. ஆள்பவன் ஆண், ஏங்குபவள் பெண் என்ற மேல்கீழ் முறையோ அசையாமல் நின்றது. ஆழ்வார்களுக்கு இக்காலத்துப் பெயர்களைச் சூட்டுதல் பொருந்தாது. அதை நாம் செய்யவில்லை. ஆனால், ஆண்மையும் பெண்மையும் பெயராத பாறைகள் என்று அவர்கள் கருதவில்லை என்பதை அவர்தம் பாடல்களே பறைசாற்றுகின்றன.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. யூதர் மறையிலும் ஒரு காதல் நூல் உண்டு; உன்னதப்பாட்டு என்பது அதன் பெயர். அதன் புனிதம்பற்றி ஐயம் எழுந்தபோது, புனிதங்களுள் எல்லாம் தலையாயது அதுவே என்றார் அகிவா என்னும் பண்டைய குரு. இறைவனுக்கும் இசுரவேலுக்கும் இடையிலான அன்பே அது என்று அவர்களும் போர்வை போர்த்தினர். அதே மறையில் உள்ள லேவியராகமம், ஆணும் ஆணும் கூடுதலைத் தடுத்தது.

ஆனால், இக்கால யூத அறிஞர் பழைய உரையோடு உறங்கிவிடவில்லை. சீர்திருத்தப் பிரிவினரின் குருமார் அவை, தன்பாலீர்ப்பு உடையோரும் குருமாராகலாம் என்று 1990இல் இசைந்தது. ஸ்டீவன் கிரீன்பர்க் என்னும் வைதிகப் பிரிவுக் குரு, தாமும் அத்தகையவரே என்று வெளிப்படக் கூறியவர். 2004இல் நூலும் எழுதினார். லேவியராகமம் தடுப்பது அன்பையன்று, கலவியைக் கருவியாக்கி ஒருவரை இழிவுபடுத்துவதையே என்று வாதிட்டார். இடைநிலைப் பிரிவின் குழு, தடையைக் காக்கும் கருத்தையும் தளர்த்தும் கருத்தையும் 2006இல் ஒரே நாளில் ஏற்றது! வைதிகருள் பெரும்பாலோர் இன்றும் இசையவில்லை. எனினும் அங்கே வழக்கு மறைநூலை விரித்துவைத்து நடக்கிறது, மூடிவைத்து அன்று.

இங்கே? உரை செய்யாததைச் சட்டம் செய்தது. 2008இல் தமிழக அரசு திருநங்கையர்க்கு நலவாரியம் அமைத்தது. வயதுவந்தோர் இருவர் மனமொத்துக் கூடுவதைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் கொடுமையை 2018இல் உச்ச நீதிமன்றம் களைந்தது. தூத்துக்குடிக் கோயிலில் மாலை மாற்றிய திருநங்கையின் திருமணத்தைப் பதிய மறுத்தபோது, மணமகள் என்னும் சொல் அவரையும் குறிக்கும் என 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. தன்பால் திருமணத்துக்கு 2023இல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தரவில்லை என்பதும் உண்மை. சட்டம் வாசல்வரை வரும். அதற்கப்பால் வர வேண்டியது மனம்!

கூவாகத்தில் அரவானுக்கு ஒருநாள் தாலி கட்டிக்கொள்கிறார்கள் திருநங்கையர். மறுநாள் அறுத்து அழுகிறார்கள். அந்த அழுகையைக் காணக் கூட்டம் கூடுகிறது. அவர்களுள் எத்தனை பேருக்குப் பிறந்த வீட்டின் கதவு அடைபட்டதோ, அதைக் கேட்பார் யார்?

நாம் கேட்கிறோம்: நாயகி ஆன ஆழ்வாரைக் கைகூப்பி வணங்கும் தந்தை, தன்னைப் பெண்ணென்று உணர்ந்த பிள்ளையைத் தெருவில் தள்ளலாமா? தாயாக மாறிய பெரியாழ்வாரைப் போற்றும் ஊர், அப்பிள்ளையைக் கல்லால் அடிப்பது முறையா? உயிருக்குத் தந்த உரிமையை உடலுக்கும் தாருங்கள். பாசுரத்துக்குத் திறந்த நெஞ்சு, பெற்ற பிள்ளைக்கும் திறக்கட்டும்!