சிறைப்பட்டோரிடையே கிறிஸ்தவத் திருப்பணி: சில மரபுகளும் அவற்றின் பிரமாணங்களும்

பசித்தோர்க்கு உணவளிப்பதையும், ஆடையற்றோரை உடுத்துவிப்பதையும், பிணியாளரை விசாரிப்பதையும், சிறையிலிருப்போரைச் சென்று காண்பதையும் ஒரே வரிசையில் வைத்து, இவற்றைச் செய்தவர் தமக்கே செய்தவராவர் என்று இயேசு பெருமான் அருளியதை மத்தேயு சுவிசேஷத்தின் 25-ஆம் அதிகாரம் எடுத்துரைப்பதால், சிறைப்பட்டோரை நாடிச் செல்வது தன் கடமை என்பதைத் திருச்சபை ஆதிமுதல் அறிந்தே இருந்தது. ஆனால் சென்று கண்டபின் செய்யத்தக்கது யாது என்ற வினாவுக்கு விடை தெளியப் பல நூற்றாண்டுகள் ஆயின. பிரான்ஸ் தேசத்தில் 1619-இல் துடுப்புக் கப்பல் கைதிகளின் தலைமைக் குருவாக நியமனம் பெற்ற வின்சென்ட் தெ பவுல் அடிகளாரும், 1730-இல் ஆக்ஸ்போர்டு கோட்டைச் சிறைக்குச் சென்று வரத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் அவர் நண்பர்களும், 1738-இல் லண்டன் நியூகேட் சிறையின் தூக்குக் கைதிகளோடு தாமும் அடைபட்டு ஓர் இரவைக் கழித்து, மறுநாள் அவர்களுடன் டைபர்ன் தூக்குமேடை வரை சென்ற சார்லஸ் வெஸ்லியும், மீட்சியின் நம்பிக்கை குன்றியவர்களுக்கே பெரிதும் ஆறுதலாக நின்றனர். சாகப்போகிறவன் அருகில் நிற்பது பெரும் புண்ணியம் என்பதில் ஐயமில்லை. எனினும் நாளையோ அடுத்த மாதமோ விடுதலையாகிப் பிழைத்தாக வேண்டியவன், அதிலும் மீசை அரும்பாத ஒரு சிறுவன், தெருவில் தனியே நிற்கும் அந்த முதல் நாளில் அவன் பக்கம் யார் நிற்பார்கள் என்பதே இதைக் காட்டிலும் கடினமான வினா; இத்திருப்பணியின் ஒவ்வொரு மரபையும் அந்த நாளை வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் துணிபு.

நண்பர்கள் சபையைச் சேர்ந்த எலிசபெத் ஃபிரை அம்மையார் 1813-இல் லண்டன் நியூகேட் சிறையின் பெண்கள் பகுதிக்கு முதன்முறை சென்றபோது கொண்டு சென்றது குழந்தைகளுக்கான துணிகளே. மீண்டும் சென்று, 1817-இல் ஒரு மாதர் சங்கத்தையே நிறுவியபோது அவர் கையாண்ட முறை விசேஷமானது. சிறைக்குள் தாய்மாரோடு அடைபட்டிருந்த பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வைத்து, அதற்குக் கடிகாரம் திருடிய குற்றத்துக்காக அடைக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணையே ஆசிரியையாக்கினார். ஒழுங்குவிதிகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, கைதிப் பெண்கள் கையுயர்த்தி இசைந்தபின்னரே அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பிறர் விதித்தவற்றையே வாழ்நாளெல்லாம் சுமந்துவந்த அப்பெண்களை ஒருவர் சம்மதம் கேட்டது அதுவே முதல் தடவையாக இருந்திருக்கக்கூடும். நாடுகடத்தப்பட்டுக் கப்பலேறும் பெண்களுக்கு ஊசி, நூல், பல நிறத் துணித்துண்டுகள் அடங்கிய பொட்டலங்களை அச்சங்கத்தார் கொடுத்தனுப்பினர். கடற்பயணத்தில் விரிப்புத் தைத்து, கரையிறங்கியதும் அதை விற்றுக் கையில் சிறிது பணத்தோடு புது வாழ்வு தொடங்கட்டும் என்பது கருத்து. 1841-இல் ‘ராஜா’ என்னும் கப்பலில் சென்ற பெண்கள் தைத்த பெரிய விரிப்பு ஒன்று இன்றும் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் பாதுகாக்கப்படுகிறது. பெண் கைதிகளைப் பெண்களே மேற்பார்க்க வேண்டும் என்ற 1823-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னே அம்மையாரின் பிரயாசை நின்றது என்பதும் நினைக்கத் தக்கது.

ஃபிரை அம்மையாரின் புகழ் ஐரோப்பிய அரண்மனைகளை எட்டியது. அவர் காலத்திலேயே, கிரேட் யார்மத் என்னும் கடற்கரைப் பட்டினத்தில், அரண்மனையோ வங்கிச் செல்வமோ அறியாத சாரா மார்ட்டின் என்ற தையற்காரி செய்த பணியை நம்மவர் அவ்வளவாகப் பேசுவதில்லை. என் மதிப்பில் இம்மரபில் அவருக்கே முதலிடம். 1791-இல் பிறந்து, பெற்றோரை இளமையிலேயே இழந்து, பாட்டியிடம் வளர்ந்த அவர், வீடு வீடாகச் சென்று உடை தைத்துக் கூலி வாங்கிப் பிழைத்தவர். தன் பிள்ளையைக் கொடூரமாக அடித்ததற்காக ஒரு தாய் சிறையிலடைக்கப்பட்டாள் என்று 1819-இல் கேள்வியுற்று, அவளைக் காணச் சென்றபோது முதலில் அனுமதி மறுக்கப்பட்டும் மனம் தளராது மீண்டும் சென்று உள்ளே நுழைந்தார். அன்று தொடங்கிய பணி ஏறத்தாழ அவர் இறந்த 1843 வரை இடையறாது நடந்தது. வாரத்தில் ஒரு நாள் கூலியைத் துறந்து அந்நாளைச் சிறைக்கே கொடுத்த அவர், எழுத்தறியாதவர்க்கு எழுத்தும், பெண்களுக்குத் தையலும், ஆண்களுக்கு எலும்பில் கரண்டி செதுக்குதல், வைக்கோல் தொப்பி முடைதல் போன்ற சிறுதொழில்களும் கற்பித்தார். விற்று வந்த பணத்தில் ஒரு பகுதி, வெளியேறுபவனின் முதல் நாட்களுக்கென்று வைக்கப்பட்டது. எல்லாவற்றினும் மேலாக, ஒவ்வொருவரைப் பற்றியும் அவர் குறிப்பேடு எழுதினார். விடுதலையானவன் எங்கே போனான், வேலை கிடைத்ததா, மறுபடி வீழ்ந்தானா என்று தொடர்ந்து விசாரித்துப் பதிந்தார். உருக்கமாகப் பிரசங்கிக்க வல்லவர் நூறு பேர் கிடைக்கும் ஊரில், இப்படி ஒரு குறிப்பேட்டை இருபதாண்டுக்கு மேல் எழுதிவரும் பொறுமையுள்ளவர் ஒருவர் கிடைப்பது அரிது.

இளைஞரைத் தனியே கருதி எழுந்த மரபுகள் பெரும்பாலும் இதற்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவை. ஹாம்பர்க் நகரின் புறத்தே 1833-இல் யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் தொடங்கிய ‘ரௌஹெஸ் ஹௌஸ்’ இல்லத்தில் மதிலும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. ஏறத்தாழப் பன்னிரண்டு சிறுவர்கள் ஓர் இளைஞனை அண்ணனாகக் கொண்டு ஒரு குடும்பமாக வாழ்வதே அங்குள்ள ஏற்பாடு. வந்து சேருகிறவனிடம் அவனுடைய பழைய குற்றத்தை எவரும் இனி எடுத்துப் பேசலாகாது என்பது அவ்வில்லத்தின் நியதி. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று ஓயாது கேட்ட அச்சிறுவர்களுக்காகவே 1839-இல் வண்டிச் சக்கரமொன்றில் மெழுகுவர்த்திகளை நிறுத்தி, நாளுக்கொன்றாக அவர் ஏற்றினார். உலகெங்கும் தேவாலயங்களில் இன்று காணும் திருவருகைக்கால வளையம் திக்கற்ற பிள்ளைகளின் வீட்டில் பிறந்தது என்பதை எண்ணி மகிழாதிருக்க முடியவில்லை. இந்த இல்லத்தை நேரில் கண்டு சென்ற பிரெஞ்சு நீதிபதி தெமெட்ஸ் என்பவர் மெத்ரே என்னுமிடத்தில் நிறுவிய சிறுவர் குடியிருப்பு, குடும்பம் என்ற பெயரை வைத்துக்கொண்டு உள்ளே பட்டாளத்து ஒழுங்கைப் புகுத்தி, நாளடைவில் கடுமைக்கே பேர்போனதாகி, 1930-களில் மூடப்பட்டது.

பிரிஸ்டல் நகரத்து மேரி கார்ப்பென்டர் அம்மையார் யூனிடேரியன் போதகர் ஒருவரின் மகள். குற்றம் புரிந்த சிறுவரைப் பெரியோர் சிறையில் அடைப்பது அவர்களைக் குற்றத்தில் தேர்ச்சி பெறச் செய்வதேயாகும் என்று 1851-இல் நூலெழுதி வாதித்து, 1854-இல் சிறுமியருக்கென ‘ரெட் லாட்ஜ்’ சீர்திருத்தப் பள்ளியைத் தொடங்கினார். 1866-இல் இந்தியாவுக்கு வந்த அவர் சென்னையையும் கண்டு, நம் நாட்டுச் சிறைகளைப் பற்றியும் பெண்கல்வியைப் பற்றியும் அரசுக்கு எடுத்துரைத்தார். 1876-இல் இங்கே சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் வந்தபோது அக்கருத்துக்களுக்கும் அதில் பங்கிருந்தது.

தமிழர்களாகிய நமக்கு நெருங்கிய உறவுடைய மரபு தூரின் நகரத்துத் தொன் போஸ்கோவினுடையது. 1841-இல் குருப்பட்டம் பெற்ற இளம் அடிகளார், தம் ஞானகுருவான ஜியுசெப்பே கபாசோவுடன் நகரச் சிறைகளுக்குச் சென்றபோது, பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட வலிமைமிக்க பிள்ளைகள் பூச்சிக்கும் பசிக்கும் இரையாகிக் கிடப்பதையும், விடுதலையானவர்களே சில வாரங்களில் திரும்பி வருவதையும் கண்டு கலங்கினார். மலைக்கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து கொத்தனாருக்குச் சிற்றாளாகவும் புகைக்கூண்டு துடைப்பவராகவும் அலைந்த சிறுவர்களுக்கு நகரத்தில் நண்பன் என்று ஒருவன் இருந்திருந்தால் இவர்கள் இங்கே வந்திருக்கமாட்டார்கள் என்ற முடிவே அவருடைய பணி முழுவதற்கும் அடித்தளமாயிற்று. ஆகவே அவர் சிறைவாயிலுக்கு முன்னதாகவே, வேலைத்தலத்துக்குச் சென்றார். 1852-ஆம் ஆண்டில் ஒரு தச்சருக்கும் ஒரு சிறுவனுக்கும் இடையே முத்திரைத்தாளில் எழுதப்பட்ட ஒப்பந்தம் இன்றும் உள்ளது: குறித்த காலத்துக்குள் தொழிலை முழுமையாகக் கற்பிக்க வேண்டும், தொழிலுக்குப் புறம்பான எடுபிடி வேலை வாங்கலாகாது, தவறினால் சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும், கை ஓங்கலாகாது, ஞாயிறும் திருநாட்களும் பையனுக்கே உரியவை, கூலி படிப்படியாக உயர வேண்டும். ஒரு குருவானவர் தம் அன்பை இப்படி நிபந்தனை நிபந்தனையாக எழுதிக் கையெழுத்தும் இட்டார் என்பதில்தான் அவருடைய பெருமை எனக்குத் தெரிகிறது. அறிவு, சமயம், அன்பு என்னும் மூன்றின்மேல் நிற்கும் தமது தடுப்புமுறைக் கல்வியை அவர் 1877-இல் எழுத்தில் வடித்தார். அவருடைய சலேசிய சபையினர் இந்தியாவில் முதன்முதல் கால்வைத்த இடம் நம் தஞ்சாவூரே. 1906 ஜனவரியில் ஜார்ஜ் தொமாத்திஸ் அடிகளாரின் தலைமையில் அங்கு வந்து, அநாதைப் பிள்ளைகளின் கல்வியை ஏற்ற அச்சபையினர், பிற்காலத்தில் சென்னைத் தெருக்களில் உறங்கும் சிறுவர்களுக்கு அமைத்த அன்பு இல்லமும் அதே மரத்தின் கிளைதான்.

இரட்சணிய சேனையின் மரபில் புகழுக்கும் வருத்தத்துக்கும் ஒருங்கே இடமுண்டு. விடுதலையாகிறவனைச் சிறைவாசலிலேயே எதிர்கொண்டு அழைத்துச் சென்று உணவும் படுக்கையும் வேலையும் தேடித்தரும் படையை 1883-இல் மெல்போர்ன் நகரில் அவர்கள் அமைத்தது, இப்பணியின் வரலாற்றிலேயே மிகச் சரியான இடத்தில் ஊன்றிய அடி. அதே சேனையினர் நம் நாட்டில், குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ்ப் பிறப்பினாலேயே குற்றவாளிகள் எனப் பட்டியலிடப்பட்ட சமூகங்களைக் குடியேற்றிக் காக்கும் பொறுப்பை அரசிடமிருந்து ஏற்றனர். அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூர் மாவட்டத்தில் 1913-இல் தோன்றிய ஸ்டூவர்ட்டுபுரம் அவற்றுள் ஒன்று. நிலமும் பள்ளியும் மருந்தும் கொடுத்தவர்கள் நல்லெண்ணத்தோடேயே கொடுத்தனர் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், ஆஜர்ப்பட்டியல் வாசிப்பவரும் ஊரைவிட்டு வெளியே போக அனுமதிச்சீட்டு தருபவரும் ஜெபம் நடத்துபவரும் ஒருவராகவே ஆகிவிட்ட இடத்தில், அந்த ஜெபத்தை விரும்பி வந்தவர் யார், அஞ்சி வந்தவர் யார் என்று எவரும் பிரித்தறிய முடியாது. சாவியைக் கையில் வாங்கிக்கொண்ட பின் சிநேகிதனாக நீடிக்க இயலாது என்பதை மெத்ரேயைவிடத் தெளிவாக இது நமக்குக் காட்டுகிறது.

இதற்கு நேரெதிரான ஒரு பரிசோதனை, பிரேசில் நாட்டுச் சாவோ ஜோசே தோஸ் காம்போஸ் நகரில் 1972-இல் வழக்கறிஞர் மாரியோ ஓட்டோபோனியும் அவருடைய கத்தோலிக்க நண்பர்களும் தொடங்கியது. அப்பாக் எனப்படும் அவ்வமைப்பின் சிறைகளில் ஆயுதம் தாங்கிய காவலர் இல்லை. கதவுகளின் சாவிகள் கைதிகள் வசமே இருக்கின்றன. குடும்பத்தாரும் ஊராரும் தண்டனைக்காலம் முழுவதும் உள்ளே வந்துபோகின்றனர். அமெரிக்காவில், வாட்டர்கேட் வழக்கில் தாமே சிறைசென்று மீண்ட சார்லஸ் கோல்சன் 1976-இல் ஏற்படுத்திய சிறைத்தோழமை இயக்கத்தில், முன்னர் சிறையிலிருந்த ஒரு பெண்மணியின் யோசனையால் 1982 முதல், கைதிகளின் பெயரால் அவர்களுடைய பிள்ளைகளுக்குத் திருநாள் பரிசு சேர்ப்பிக்கும் வழக்கம் வளர்ந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிழக்கே ஏழைக் குடியிருப்புகள் நடுவிலிருந்த டொலோரெஸ் மிஷன் பங்கில், 1988-இல் இயேசு சபையைச் சேர்ந்த கிரெக் பாயில் அடிகளார் தொடங்கிய வேலைத்திட்டம் 1992-இல் ஒரு ரொட்டிச் சாலையாயிற்று. ஒருவரையொருவர் சுடத் துணிந்திருந்த கோஷ்டிகளின் பையன்கள் அங்கே ஒரே அடுப்பின் முன் நின்று மாவு பிசைந்தனர். அவர்கள் உடலில் பச்சைகுத்திய கோஷ்டி அடையாளங்களை நீக்க மருத்துவர்கள் கூலியின்றி வந்தனர். வேலைக்கு விண்ணப்பித்துச் செல்பவனின் நெற்றியிலேயே பழைய பகை எழுதியிருந்தால் எந்த முதலாளி அவனை எடுப்பான் என்று யோசித்துச் செய்த உதவி இது.

இவற்றையெல்லாம் வைத்து நம் ஊர்களில் நடக்கும் பணியை நோக்குமிடத்து, உள்ளம் மகிழ இடமிருப்பினும் முழுநிறைவு கொள்ள இயலவில்லை. கிறிஸ்து பிறப்பு நாளையொட்டிப் பாடகர் குழுவும் கேக்கும் சகிதமாகக் கூர்நோக்கு இல்லத்துக்குள் செல்லும் அன்பர்கள் பலர்; ஆடி மாதத்துப் பிற்பகலில் யாரும் நினைக்காத ஒரு நாளில் அதே பையனைப் போய்ப் பார்ப்பவர் சிலரே. பையனின் முகம் தெரியப் படம் பிடித்து நன்கொடை கேட்பது 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி குற்றம் என்பதோடு, அவனை விடுதலைக்குப் பின்னும் துரத்தும் தீங்குமாகும். எழுந்து வெளியே போக இயலாதவனிடம் மதமாற்றத்தைப் பற்றிப் பேசி வாங்கும் சம்மதம் சம்மதமாகாது. தன் விசுவாசத்தை மறைக்க வேண்டியதில்லை, அதை விலையாகக் கேட்கலாகாது என்ற எல்லையைச் சிறைக்குள் காலெடுத்து வைக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டும்.

செய்யத்தக்கது எளிதே. நன்னடத்தை அலுவலரின் இசைவோடு பையன் வெளிவரும் நாளையும் அவனுடைய ஊரையும் அறிந்துகொண்டு, அவன் எம்மதத்தவனாயினும், அவ்வூருக்கு அருகிலுள்ள பங்கிலோ சேகரத்திலோ நம்பத்தக்க ஒருவரைத் தேர்ந்து, பையன் வருவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே அவர் அந்த வீட்டுக்குப் போய்த் தாயோடு உட்கார்ந்து பேசி, அத்தெருவின் தையற்கடைக்காரரையோ மோட்டார் மெக்கானிக்கையோ கண்டு, இன்ன கூலி, இன்ன நேரம், கை நீட்டி அடிக்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசி முடித்துவிட வேண்டும்.