இரண்டாம் ஜாமங்களின் கதை: தாயும் இரு மகள்களும்

‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004, காலச்சுவடு) சல்மாவின் முதல் நாவல். தமிழ் முஸ்லிம் பெண்களின் வீட்டுக்குள் அடைபட்ட வாழ்வைச் சொல்வது. ரத்த உறவே பெண்ணுக்குக் காவல் என்னும் குடும்பநாவல்களின் நம்பிக்கையை இது உடைக்கிறது. கணவனை மறுத்துத் தாய்வீடு திரும்பும் ஃபிர்தவுஸ், இந்துவான சிவாவுடன் உறவுகொள்கிறாள். குடும்ப மானத்துக்காக அவளுக்கு நஞ்சளிப்பவள் தாய் ஆமினா. அக்கா ஜொஹராவின் பாசத்தால் தங்கையைக் காக்க முடியவில்லை. ஆமினாவைச் சல்மா அரக்கியாக்கவில்லை. ஊர்ப்பேச்சுக்கு அஞ்சும் சாதாரணத் தாயாகவே காட்டுகிறார். நாவலின் வலிமை அங்குதான் உள்ளது. ஜொஹராவின் மகளான சிறுமி ராபியாவின் பார்வையில் விரியும் பகுதிகள் மிக நுட்பமானவை. பெண்கள் கூடிப் பேசும் கேலியும் அந்தரங்கமும் அவர்களுக்கு வாய்த்த ஒரே சுதந்திரம். பாத்திரங்கள் மிகுதி, உறவுமுறை பிடிபடவே பல பக்கங்களாகும். ஆண்கள் பெரும்பாலும் ஒரே சாயலில் வருவது குறை.