சினிமா வாசலுக்கு வெளியே

சங்கீதத்தைப் பற்றிப் பேச நம்மிடம் இரண்டே அளவுகோல்கள். ஒன்று சபா, மற்றது சினிமா. முதலாவதில் ராக லக்ஷணம் பேசுகிறோம். இரண்டாவதில் யார் பெரியவர் என்று சண்டை போடுகிறோம். இரண்டிலும் அடங்காத ஒன்றைக் கேட்பதற்கு நமக்குப் பயிற்சி இல்லை. பினாங்கைச் சேர்ந்த ‘அலிகேட்ஸ்’ குழுவைப் பற்றித் தமிழ்நாட்டில் உருப்படியாக எதுவும் நான் படித்ததில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

1960களின் கடைசியில் பினாங்கில் உருவான குழு அது. அதன் மையம் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள். உடன் வாசித்தவர்கள் பல இனத்தவர். ஆரம்பத்தில் விடுதிகளில் ஆங்கிலப் பாடல்களைப் பாடினார்கள். ஹாங்காங் வரை போய்ப் பாடினார்கள். 1970களின் இறுதியில் மலாய்ப் பாடல்களுக்கு வந்தார்கள். எம். நாசிர் போன்றவர்கள் அவர்களுக்கு மெட்டமைத்தார்கள். சுருண்டு குடைபோல் விரிந்த ஆப்ரோ முடி அவர்கள் அடையாளம். மலேசியாவில் மூன்று இனத்தாரும் அறிந்த பெயர். கடலுக்கு இந்தப் பக்கம் நமக்குத்தான் தெரியாது.

எனக்கும் தெரியாது. மரக்காணத்து உப்பளக் கரையில் வங்கியில் குமாஸ்தா வேலை பார்ப்பவன் நான். பினாங்கில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய பெரியவர் ஒருவர், வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வந்தபோது பேச்சு பாட்டுப் பக்கம் திரும்பியது. மறுநாள் பழைய கேசட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். “நம்ம புள்ளைங்க பாடுனது தம்பி. ஆனா மலாய்ல.” அந்த ‘ஆனா’ என்னை யோசிக்க வைத்தது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து கிளைத்தது ஸோல். தாளம் ஓரிடத்தில் விழ, குரல் அதற்குச் சற்றுப் பின்னால் வந்து சேரும். அந்த இடைவெளியில்தான் துக்கம் இருக்கிறது. 1970களில் நியூயார்க் நடன விடுதிகளில் வளர்ந்த டிஸ்கோ நேர் எதிர். பெரிய டிரம் ஒவ்வொரு தட்டுக்கும் சமமாக விழும், யாரும் தப்படி வைக்க முடியாதபடி. இங்கே மழை ஓய்ந்து தை மாதத்தில் பாத்தி மிதிப்பார்கள். தரை இறுகுவதற்காகக் கால்கள் வரிசையாக, ஒரே சீராக விழும். அதில் ஒருவர் மட்டும் கொஞ்சம் தாமதித்துக் காலை வைத்தால் நம் கண் அவரிடமே போய் நிற்கும். லோகநாதனின் குரல் அப்படித் தாமதிக்கிற குரல். வாத்தியங்கள் டிஸ்கோவின் ஒழுங்கில் போகும்போதும் அவர் அந்த ஒழுங்குக்கு முழுதாக உட்படுவதில்லை. சொல்லின் கடைசி அசையைச் சற்றே பிடித்துவைத்துப் பிறகு விடுகிறார். அந்த மொழி புரியாத எனக்கும் இது கேட்கிறது.

குழுவின் குறைகளையும் சொல்ல வேண்டும். காதல் பாடல்களில் இனிப்பு அதிகம். வயலின்கள் நெகிழ வைத்தே தீருவது என்று புறப்பட்டு வருகின்றன. 1980களின் கீபோர்டு மினுமினுப்பு பல பாடல்களை ஒரே அச்சில் வார்த்துவிட்டது. வெற்றி பெற்றபின் முன்பு இருந்த முரட்டுத்தனத்தை அவர்கள் விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் ‘அண்டாய்ன்யா அகு பெர்கி டுலு’ (ஒருவேளை நான் முன்னே போய்விட்டால்) என்ற பாடலை இன்று அந்த இனிப்போடு மட்டும் கேட்க முடியவில்லை. லோகநாதன் 2007 ஜூனில் புற்றுநோயால் இறந்தார், அண்ணனுக்கு முன்பாக.

இனி நம் விஷயம். மலேசியாவிலிருந்து வந்த ஒரு பாடகரை நாம் நன்கு அறிவோம். வாசுதேவன் 1977இல் ‘16 வயதினிலே’ படத்தின் மூலம் நம் வீடுகளுக்குள் வந்தார். இலங்கையிலிருந்து வந்த மனோகரையும் அறிவோம். அவர் புகழ்பெறச் செய்த ‘சுராங்கனி’ அதே 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் நமக்குக் கிடைத்தது, இளையராஜாவின் இசையில், வாசுதேவன் குரலில். இருவருக்கும் அவரவர் நாட்டின் பெயரையே முன்னொட்டாக மாட்டினோம்: மலேசியா, சிலோன். சினிமா வாசல் வழியே வந்தவர்களுக்கு நாம் கொடுத்த அனுமதிச் சீட்டு அது. ஆறுமுகம் சகோதரர்கள் அந்த வாசலுக்கு வரவில்லை. தங்கள் ஊரிலேயே, தங்கள் நாட்டுக்காரர்களுக்குப் பாடினார்கள். ஆகவே நம் கணக்கில் அவர்கள் இல்லை.

மலாயில் பாடியவர்களை நாம் எதற்குப் பேச வேண்டும் என்று கேட்கப்படும். மலாய்தான் ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது 1967இல். கோலாலம்பூர் இனக் கலவரம் 1969 மே 13இல். அதற்குப் பின்னான வருஷங்களில் தமிழ் இளைஞர்கள் மலாயில் பாடியதை சரணாகதி என்று ஒருவர் சொல்லலாம். சந்தையைப் பார்த்தார்கள் என்று இன்னொருவர் சொல்லலாம். சந்தை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வந்தேறி என்று சொல்லப்பட்ட இனத்தைச் சேர்ந்தவன் பாடிய காதல் பாட்டை, அந்த மொழிக்காரர்களே தம்முடையது என்று வைத்துக்கொண்டார்களே, அது எந்தச் சட்டத்தாலும் ஆகிற காரியமா? ‘ராஜுலா’ கப்பலில் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறிப் பினாங்கில் இறங்கிய ஜனங்களின் கதையைக் கண்ணீரோடு எழுதுகிறோம். அவர்கள் வம்சம் அங்கே வேர்பிடித்து, ஆப்ரோ முடி வளர்த்து, வேறொரு மொழியில் சந்தோஷமாகப் பாடினால் நமக்கு எழுத ஒன்றுமில்லை. அவர்கள் கஷ்டம் மட்டும் நம்முடையது போலிருக்கிறது.

தமிழர் பெருமைப் பட்டியலில் இன்னொரு பெயர் சேர்க்க இதை நான் எழுதவில்லை. அந்தப் பட்டியலும் காதை அடைக்கிற காரியத்தைத்தான் செய்கிறது. பெரியவரிடம் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, எப்படி இருந்தது என்று கேட்டார். நன்றாக இருந்தது, மூன்றாவது பாட்டில் மட்டும் வயலின் ஜாஸ்தி என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கால்மணி நேரம் அந்தப் பாட்டைப் பற்றி மட்டுமே பேசினார். இனம், மொழி எதுவும் அந்தப் பேச்சில் வரவில்லை.