ஹனிஃபாருவின் திருக்கைகள்

மாலத்தீவில், பா பவளத்திட்டின் கிழக்கு விளிம்பில், ஹனிஃபாரு என்றொரு சின்ன வளைகுடா. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் நீரோட்டம் தள்ளிவரும் மிதவை நுண்ணுயிர்கள் அந்த முட்டுச்சந்தில் வந்து தேங்கும். மாண்டா திருக்கைகள் அவற்றைத் தேடி வரும். மூன்று நான்கு மீட்டர் அகல உடல். உணவோ கண்ணுக்கு எளிதில் எட்டாத துணுக்கு! தலையின் இருபுறத் துடுப்புகளையும் விரித்து, நீரை வாய்க்குள் திருப்பிவிட்டபடியே நீந்துகின்றன. இரை மிகுந்தால் ஒன்றன் வாலை ஒன்று தொடர்ந்து, பல திருக்கைகள் பெருஞ்சுழலாகச் சுற்றும். கடலில் இதைவிட அழகான பந்தி இருக்க முடியாது என்பேன்.

பசி தீர்ந்தால் பவளப்பாறைக்குப் போய் ஏறக்குறைய அசையாமல் மிதக்கும். சிறு மீன்கள் ஒட்டுண்ணிகளைக் கொத்தி எடுக்கும். காற்று வடகிழக்காக மாறியதும் பெரும்பாலானவை பவளத்திட்டுகளின் மேற்குப் பக்கம் நகர்ந்துவிடும். வயிற்றுப் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் வேறு. அந்த அடையாளத்தால்தான் ஆய்வாளர்கள் இந்த இடப்பெயர்வைப் பின்தொடர்கிறார்கள்.

2009இல் இவ்வளைகுடா பாதுகாக்கப்பட்ட பகுதியானது. காற்றுக்கலனோடு மூழ்க இங்கே அனுமதி இல்லை. மேற்பரப்பில் மிதந்துதான் பார்க்க வேண்டும். மிகச் சரியான கட்டுப்பாடு.